செத்தவன் டீ குடித்த அத்தியாயம்

மூளையில் கட்டி என்று மதுரையில் சொன்னபோது அக்கா திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். தலையைத் திறந்து எடுத்தார்கள். முழுதாக எடுக்க முடியவில்லை, ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். வலது கை விரல்களில் பிடி போய்விட்டது. சாக்பீஸ் நழுவி நழுவி விழுந்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நாகல் நகரில் என் வீட்டு மாடிக்கு வந்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி தவறி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும்தான் பிழைப்பு. ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பும்போது மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏலே, நான் சொல்லச் சொல்ல அடிப்பியா?"

"என்ன அடிக்கணும்?"

"ஒரு கொலை."

அக்கா மர்மக் கதைப் பைத்தியம். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போதுகூட அடியில் ஒரு நாவல் இருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே ஒரு கதையை யோசித்து முடித்திருந்தாள். அய்யலூர் ஆட்டுச் சந்தையில் ஒருவன் காணாமல் போகிறான். இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் என்னோடு பஸ் ஏறினாள். சந்தையில் ஒரு தரகரை நிறுத்திக் கேட்டாள்: "அண்ணே, இங்க ஒரு ஆளு காணாமப் போனா எம்புட்டு நேரத்துல தெரியும்?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "ஆடு காணாமப் போனா ஒடனே தெரிஞ்சிரும்த்தா. ஆளு போனா, சந்தை கலைஞ்ச பெறகுதான்."

அதைத்தான் முதல் வரியாக வைத்தோம். அவள் சொல்வாள், நான் செல்போனில் பதிவு செய்துகொண்டுபோய்க் கடையில் டைப் செய்வேன். போலீஸ் பேச்சு, பஸ் நேரம், யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் என் பொறுப்பு. ஒரு சின்னப் பதிப்பாளர் போட்டார். அட்டையில் இருவர் பெயரும். அடுத்த வருடம் இரண்டாவது புத்தகமும் வந்தது. ஸ்கேன்களில் அந்த மிச்சம் வளராமல் இருந்தது. இனி வருடத்துக்கு ஒரு ஸ்கேன் போதும், இடையில் நேரில் வந்து பேசிவிட்டுப் போனால் சரி என்றார் டாக்டர்.

மூன்றாவது கதை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நடக்கிறது. நான்காவது அத்தியாயத்தைக் கடையில் கேட்டுக்கொண்டிருந்தபோது, "அவள் குடையை ஊற்றிக் குடித்தாள்" என்று அக்காவின் குரல் சொன்னது. மறுபடி ஓட்டிக் கேட்டேன். குடையைத்தான். களைப்பாக இருக்கும் என்று, காபி என்று மாற்றி அடித்தேன்.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று வந்தது. கண்டக்டர் பாதியில் டிரைவரானான். கதவைத் திறக்க வேண்டிய இடத்தில் ஒருத்தி கடுகைத் திறந்தாள். எல்லாவற்றையும் மாற்றினேன். மாற்றியதைப் படித்துக் காட்டினால் தலையாட்டுவாள்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் டெப்போ மேனேஜர் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது அத்தியாயத்திலேயே அவரைக் கொன்றிருந்தோம்.

"அக்கா, அவருதான் செத்துட்டாருல்ல?"

"எவரு?"

"மேனேஜரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வகுப்பில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கும் பிள்ளையின் முகம் அது. "செத்த நேரம் படுத்துக்கிறேன்" என்று திரும்பிப் படுத்தாள். அன்று கடையில் அந்தப் பக்கத்தை அழித்தேன்.

பத்து நாள் கழித்து டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. நடக்கச் சொன்னார், கையைப் பிடிக்கச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்: "பேச்சுல ஏதாவது மாத்தம் தெரியுதா?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டாக்டர். நல்லா இருக்காங்க" என்றேன்.

அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். புத்தகம் நின்றுவிடும் என்றும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்பதுதான் என்னை அறுக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மீறிச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள். எல்லா வார்த்தையும் சரியாக இருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டு வந்தேன்.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தியதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. காலை பத்து மணி. தெருவில் தண்ணீர் லாரி நின்றிருந்தது, ஜன்னலைச் சாத்த எழுந்தேன்; குடங்களின் சத்தத்தில் அவள் நாற்காலியிலிருந்து சரிந்தது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது தரையில் கிடந்தாள்.

மதுரையில் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "எப்ப இருந்து?"

செல்போனை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பதிவிலும் தேதி இருந்தது. குடையில் ஆரம்பித்து நாலைந்து பதிவுகளை முழுதாகக் கேட்டார். "நாலு மாசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செல்போனை மேசையில் மெதுவாக வைத்தார். முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், அவள் தப்பாகச் சொன்னதையெல்லாம் சொல்லாமல் திருத்தி அடித்ததை அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்துத்தான் பதில் சொன்னாள்.

"நீ திருத்துறது... தெரியும்லே. நீ திருத்திப் படிச்சா, எனக்குச் சரியாப் போயிருச்சுன்னு... நெனச்சுக்கிட்டேன்."

பிழைத்துவிட்டாள். ஆனால் பேச்சில் பாதி போய்விட்டது. கட்டி இப்போதும் இருக்கிறது, இந்த முறை கொஞ்சம் ஆழத்தில். மூன்றாவது புத்தகத்தை நான் பதிப்பாளருக்கு அனுப்பவில்லை. அக்கா ஒரு நோட்டை எடுத்து இடது கையால் கோணல் கோணலாக வேறொரு கதையை ஆரம்பித்திருக்கிறாள். ஒரு நாளைக்கு மூன்று வரி, நாலு வரி. எழுதியதை எழுதியபடியே அடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். அப்படியே அடிக்கிறேன்.

போன வாரம் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். இரண்டு வாரமாக வலது கால் இழுக்கிறது, என்னை ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டாள் என்று அவளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சீக்கிரம் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். திண்டுக்கல் வரும்வரை அக்கா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கை கொடுத்தேன். தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இழுக்கும் காலை முதலில் கீழே வைத்தாள்.