மஞ்சள் பூசிய பென்டிரைவ்

சாம்பிராணிப் புகை, ஈரக் கோலமாவு, புதிதாகப் பிரித்த கீபோர்டின் பிளாஸ்டிக் வாசனை... இந்த மூன்றும் கலந்து எங்கேயாவது மூக்கில் ஏறினால், எனக்கு உடனே திருச்சானூர்தான்.

தாயார் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன லாட்ஜ். ரிசப்ஷனில் புதுக் கம்ப்யூட்டர். அதில் ஓடப்போகும் ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் நான் எழுதியது. என் முதல் வேலை.

அப்போது திருப்பதியில் ஒரு மாடி அறை எடுத்து, நானும் ஒரு டேபிள் ஃபேனும் சேர்ந்து 'கம்பெனி' நடத்திக்கொண்டிருந்தோம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். செய்த பொருள் கையில் பிடிக்கிற மாதிரி இருந்தால்தான் அவருக்கு அது வேலை. "இந்த லாட்ஜ் வேல நல்லபடியா ஆச்சுன்னா இங்கியே இரு. இல்லன்னா சாயங்காலம் ரயில்ல என்கூட வந்துடு. மெட்ராஸ்ல சித்தப்பா சொன்ன கம்பெனில சேந்துடலாம்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல், திறப்பு விழாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

சாஃப்ட்வேரை எழுதுவது கூடப் பெரிய கஷ்டமாக இல்லை. அதை, கிளிக் செய்ததும் தானே ஓடுகிற எக்ஸி ஃபைலாக மாற்றுவதற்குள்தான் உயிர் போய் உயிர் வந்தது. ஜாவாவில் எழுதியது, என் கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடும். லாட்ஜில் ரிசப்ஷன் லட்சுமி அக்கா டபுள் கிளிக் செய்தால், உள்ளே இருந்த ஃபைல்களெல்லாம் பெட்டியைக் கவிழ்த்த மாதிரி திரையில் கொட்டின. அக்கா பயந்துபோய் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

முதலாளி பாஸ்கர் காரு, பாதி தெலுங்கு பாதி தமிழில் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். அதை இன்ஸ்டால் பண்ணு, இதை இன்ஸ்டால் பண்ணு என்று சொல்லக்கூடாது. திரையில் ஒரு பொம்மை இருக்க வேண்டும், அமுக்கினால் திறக்க வேண்டும்.

சரி என்று கட்டுசாதம் கட்டுகிற மாதிரி கட்டினேன். போகிற இடத்தில் ஹோட்டல் இருக்குமோ இருக்காதோ என்று சோறு, ஊறுகாய், இலை, தண்ணீர் வரைக்கும் எடுத்துப்போவோமே, அப்படி. புரோகிராம், அது ஓடத் தேவையான ஜாவா, படங்கள், டேட்டா எல்லாவற்றையும் ஒரே எக்ஸிக்குள் திணித்தேன். இன்றைக்கு ஓடும். நாளைக்கு ஆன்டிவைரஸ் அதையே வைரஸ் என்று தூக்கிப்போடும்.

அழுதிருக்கிறேன்... நிஜமாகவே.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம்தான், டெஸ்டுக்காகக் கட்டிய ஒரு எக்ஸி லாட்ஜ் கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் திறந்தது. அதில் இருந்த குறைகளைச் சரிசெய்து, முழுசாக முடித்ததைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் திறந்தாக வேண்டும்.

பாஸ்கர் காரு பென்டிரைவை வாங்கி, வெற்றிலைத் தட்டில் தாயார் படத்துக்கு முன்னால் வைத்தார். நம் பக்கத்தில் புதுப் பொருள் எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் தொடமாட்டார்களே! பூஜைக்கு வந்திருந்த ஐயர் மானிட்டருக்கு வைத்தார், மவுஸுக்கு வைத்தார். பிறகு பென்டிரைவின் மூடியைக் கழற்றி, அந்தத் தகர வாயிலும் குழைத்த மஞ்சளைத் தாராளமாக அப்பிவிட்டார். நான் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கவனிக்கவில்லை.

சொருகினேன். ஒன்றும் வரவில்லை.

துப்பட்டாவால் துடைத்தேன், ஊதினேன், மறுபடி சொருகினேன். ம்ஹூம். ஈர மஞ்சள் உள்ளே இறங்கியிருந்தது. லாட்ஜுக்கு இன்டர்நெட் இன்னும் வரவில்லை. இன்னொரு காப்பி என் மாடி அறையில் இருந்தது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் வருவதற்குள் ராகுகாலம் பிறந்துவிடும்.

கதவோரம் நின்றிருந்த நைனா மெதுவாகத்தான் கேட்டார்.

"இன்னாம்மா... தொறக்குமா, தொறக்காதா?"

அப்போதுதான் அந்தப் பழைய டெஸ்ட் எக்ஸி ஞாபகம் வந்தது. டெஸ்க்டாப் மூலையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. லட்சுமி அக்காவைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு டபுள் கிளிக் செய்தார்.

திறந்தது!

கூடவே முதல் ரூமுக்கு நேரே ஒரு பெயரும் வந்தது. முனுசாமி, நகரி.

டெஸ்ட் பண்ணும்போது வாய்க்கு வந்த பெயரைப் போடுவோம் இல்லையா? எனக்கு வந்தது நைனா பெயர். டேட்டாவையும் சேர்த்துக் கட்டியதில் அவரும் உள்ளேயே இருந்துவிட்டார். சும்மா டெஸ்டுக்குப் போட்டது, அழித்துவிடுகிறேன் என்று நான் அவசரமாக மவுஸைப் பிடிக்க, பாஸ்கர் காரு என் கையைத் தடுத்தார்.

"வத்தும்மா, அழிக்காதே. நல்ல டைம்ல வந்த பேரு." பிறகு நைனா பக்கம் திரும்பினார். "பெத்தாயனா, ரூம் மீ பேர்ல, உங்க பேர்லயே ஆயிப்போச்சு. இன்னிக்கு தங்கிட்டுத்தான் போகணும்."

பலகையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். நைனா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டார். சாயங்கால ரயில் அவர் இல்லாமலே போனது.

மறுநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ரூம் நல்லா கீது. நான் போறேன், நீ வேலயப் பாரு" என்றார். அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை வேறு எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை.

இப்போது எக்ஸியும் இல்லை, பென்டிரைவும் இல்லை. எல்லாம் ப்ரௌசரில்தான். டீ ஆறுவதற்குள் புது வெர்ஷன் போய்ச் சேர்ந்துவிடுகிறது, ராகுகாலத்திலும் போகிறது. எனக்கு இது பிடித்துத்தான் இருக்கிறது. என்ன, யாரும் அதற்குப் பொட்டு வைப்பதில்லை.

போன மாதம் அந்த லாட்ஜின் பழைய டேட்டாவை கிளவுடுக்கு மாற்றினோம். என் டீமில் இருக்கும் ஷாலினி கூப்பிட்டாள். "மேடம், ஃபர்ஸ்ட் என்ட்ரி டெஸ்ட் டேட்டா மாதிரி இருக்கு. செக்-அவுட்டே ஆகல. டெலிட் பண்ணிடவா?"

அந்த டெஸ்ட் எக்ஸியில் செக்-அவுட் பட்டனே நான் வைத்திருக்கவில்லை. பிறகு முழு வெர்ஷனைப் போட்டபோதும் அந்தப் பதிவை மட்டும் தொடாமல் அப்படியே எடுத்து வைத்திருந்தேன்.

வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நைனாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார்.

"அப்போ அந்த ரூம் இன்னும் என்துதானா?"

"உன்துதான் நைனா."