கல்யாணப் பெண்ணுக்குக் கலந்து கொடுத்த கிரீம்

தாராவியில் எங்கள் சந்தின் முனையில் ஒரே அறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். புருவம் திருத்துவது, ஃபேஷியல், கல்யாண மேக்கப் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு காலத்தில் பெண்கள் என்னைத் தேடி வந்தது அதற்காக இல்லை, நான் கலந்து கொடுத்த கிரீமுக்காக.

அதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. மழைக்காலம் வந்தால் எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருவருக்காவது படர்தாமரை வரும். மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமலே அதற்கு ஒரு டியூப் தருவார்கள். அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது. அதைச் சாதாரண முகக் கிரீமோடு பிசைந்து, பெயர் ஒட்டாத சின்ன டப்பாவில் அடைத்துக் கொடுப்பேன். பத்தே நாளில் முகம் பளபளக்கும். என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். கைராசி என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் சொல்லப்போகும் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் ஊருக்குப் போனபோது, நானும் தினம் பூசிக்கொண்டிருந்த அந்த டப்பாவை இங்கேயே மறந்துவிட்டுப் போனேன். நான்காம் நாள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் என் முகம் எரிந்தது. திரும்பி வந்ததும் தோல் டாக்டரிடம் ஓடினேன். இது முகத்துக்குப் போடுகிற மருந்தே இல்லை, தோல் மெலிந்துபோகும், வெயில் தாங்காது, திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் சீறும் என்று இந்தியில் திட்டித் தீர்த்தார். அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். விற்பதை மட்டும் விடவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மைனியின் மூத்த மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம் வைத்தார்கள். மைனியும் நானும் ஒருவரையொருவர் மைனி என்றே கூப்பிடுவோம். பெண் நல்ல கருப்பு. கருப்பென்றால் என்ன குறைச்சல் என்று இன்றைக்குக் கேட்பேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் என் பிழைப்பு என்னாவது? ஆடி மாதமே அந்த வீட்டுக்கு டப்பா போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் மும்பையின் இன்னொரு மூலையான பாண்டுப்பிலிருந்து வந்து பார்த்துவிட்டு, போட்டோவைவிட நேரில் நிறமாக இருக்கிறாளே என்றார்களாம். மைனி எனக்கு அல்வா கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

முகூர்த்தக்கால் நட்டுவிட்டால் பெண்ணின் முகத்தில் மஞ்சளைத் தவிர வேறெதுவும் படக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பவுடர்கூடக் கூடாது. அந்த வழக்கம் எனக்கும் தெரியும். அதோடு கிரீமும் நின்றுபோகும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை.

கால் நட்ட நான்காம் நாள் மத்தியானம் மைனி பார்லர் வாசலில் வந்து நின்றாள். கையை ஆட்டிக் கூப்பிட்டாள். பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

பெண் ஃபேனுக்கு அடியில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலக்கினாள். கன்னங்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்புளம். முந்தைய வருஷம் ஊரில் கண்ணாடியில் நான் பார்த்த அதே முகம்.

"மஞ்சள்லதான் கடைக்காரன் என்னத்தையோ கலந்துட்டான்," என்றாள் மைனி. "இன்னும் மூணு நாள்தான் கெடக்கு. ஒங்க கிரீம கொஞ்சம் தடவி விடுங்க மைனி. வழக்கமாவது மண்ணாவது, சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது."

தடவினால் சரியாகிவிடும். அதுதான் பயமே. அன்றே எரிச்சல் அடங்கும், கல்யாணத்தன்று முகம் பளிச்சென்று இருக்கும், பழி மஞ்சள் கடைக்காரனோடு போய்விடும். டப்பா என் பையிலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால் இவள் சும்மா விடுவாளா, சந்துக்காரர்கள்தான் விடுவார்களா? பார்லர் கண்ணாடி நொறுங்கும் சத்தம் எனக்கு அப்போதே கேட்டது. பையின் ஜிப்பைத் திறந்துகூட விட்டேன்.

"எரியுது அத்த. சீக்கிரம் போட்டு விடுங்க," என்று பெண் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் நீட்டினாள்.

அந்த முகத்தைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.

"போடக் கூடாதுட்டி. இது மஞ்சளால வந்தது இல்ல. என் கிரீமால வந்தது," என்றேன். டியூப், ஸ்டீராய்டு, டாக்டர் திட்டியது, எனக்கு எரிந்தது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். "மஞ்சளும் வேண்டாம், சோப்பும் வேண்டாம், வெயில்ல எறங்காத. இப்பவே டாக்டர்ட்ட போவோம். என்ன கலந்தேன்னு நானே வந்து சொல்லுதேன்."

"கல்யாணத்துக்குள்ள சரியாயிருமா அத்த?"

"ஆவாதுட்டி. மாசக்கணக்காவும்."

மைனி அடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சின்னவளுக்கும் தடவுதேனே மைனி," என்றாள். "ஸ்கூல்ல காலி, காலின்னு, கருப்பின்னு இந்தில பிள்ளையள் சொல்லுதுன்னு அழுதா. ஒங்க டப்பாதானன்னு நாந்தான் ரெண்டு மாசமா..."

சின்னவள் மூன்றாம் வகுப்பு. அவளையும் டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று பள்ளி விட்டு வரும்வரை மூவரும் காத்திருந்தோம். அக்டோபர் வெயிலில் நடந்து வந்தவளைப் புத்தகப் பையோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். மெலிந்த தோலுக்கு அடியில் இரண்டு கன்னத்திலும் சிவப்புச் சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது.

"எரியுதாட்டி?"

அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "வெயில்ல வந்தா எரியும் அத்த. ரொம்ப நாளா," என்றாள்.

"ஏன்ட்டி யாருட்டயும் சொல்லல?"

"சொன்னா அம்மா கிரீம் தர மாட்டால்லா."