இறுகிய கதவு

எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருடம் அரபு நாட்டுப் பாலைவனத்தில் லோரி ஓட்டினேன். மலேசியாவில் கேமரன் மலையின் ஈரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தண்டனைதான், வாயில் எந்நேரமும் மணல். ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில், கூட வேலை செய்த தஞ்சாவூர்க்காரரும் நானும் ஆளில்லாத ஒரு பழைய தொழிலாளர் குடியிருப்புக்குள் புகுந்து பார்த்தோம். சும்மாதான், பொழுது போகாமல். தட்டில் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. வாசலுக்கு வாசல் மரச்சீவல். ஓடிப்போவதற்கு முன் எல்லாரும் கதவை இழைத்திருக்கிறார்கள்.

“இங்க மழையே கெடையாதே, மரம் எப்படி ஊறும்?” என்றேன்.

அவர் தரை மணலைக் காலால் தள்ளினார். அடியில் ஒரு வெடிப்பு, சுவர் வரை ஓடியது.

“மரம் ஊறலைங்க. தரை நகர்ந்திருக்கு. வாங்க, வெளிய போயிடுவோம்.”

ஊர் திரும்பியபோது அடைமழை. தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வீட்டு வரிசையான மேட்டு லயத்தில் எங்கள் வீட்டுக் கதவு சாத்த வரவில்லை. மழைக்காலத்தில் எஸ்டேட்டில் எல்லார் வீட்டுக் கதவும் அப்படித்தான். இழைப்புளியால் சீவிவிட்டு வேலையைப் பார்ப்போம். நானும் சீவினேன். மூன்றாம் நாள் மறுபடி இறுகியது. உற்றுப் பார்த்தேன். மேல் மூலை மட்டும் நிலையில் இடித்தது. எதிர் மூலையில் விரல் நுழைந்தது. பாலைவனத்தில் பார்த்த அந்த வெடிப்பு ஞாபகம் வந்தது.

எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் ஓடி, லயத்துக்கு அடியில் தரை நகருது என்றேன்.

“பாலைவனத்து வெயில் ஒனக்கு மண்டைக்கு ஏறிடுச்சு லா!” என்றார். ஆபீஸே சிரித்தது.

மனைவிக்கோ கோபம். “ரெண்டு வருசம் ஒத்தையா கெடந்தேன். வந்ததும் வீட்டைக் காலி பண்ணச் சொல்றீங்களே, நல்லாருக்கா?”

அவளோடு மல்லுக்கு நின்று, அவளையும் கூட்டிக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு, கம்போங் ராஜாவில் இருந்த மச்சான் வீட்டுக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் கைக்குழந்தையோடு நின்றாள். கொழுந்து பறிப்பவள்.

“எங்கண்ணே, மூட்டை முடிச்செல்லாம்?”

“மச்சான் வீட்ல விசேஷம்மா” என்றேன். இன்னொரு சிரிப்பைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. பாழாய்ப்போன ரோஷம்!

“அப்ப அந்த இழைப்புளியக் குடுத்துட்டுப் போங்கண்ணே. எங்க கதவும் இறுகுது.”

உள்ளே போய் இழைப்புளியை எடுத்து வந்து கொடுத்தேன்.

நாங்கள் கிளம்பிய நான்காம் நாள் காலையில், அவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, மேட்டு லயம் சரிந்தது. காய்ச்சலென்று வீட்டில் இருந்த அவள் புருஷனும், அவனருகில் தூங்கிய பிள்ளையும் மண்ணுக்குள் போனார்கள்.

கோயில் மண்டபத்தில் இருவரையும் கிடத்தியிருந்தார்கள். நாங்கள் போனதும் அவள் என் மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அழுது அழுது குரலே இல்லை.

“நல்ல வேளண்ணே, அந்த விசேஷம் ஒங்களையெல்லாம் காப்பாத்திருச்சு” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன்.