முனிக்குக் கொண்டுபோன மூன்று சுருட்டு

அத்தையின் துணிமூட்டையில் மூன்று சுருட்டு இருந்தது, ரயில் பெஜவாடாவில் நின்றபோதுதான் மாமாவுக்குத் தெரிந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி, வாழைச்சருகில் சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தாள். மாமா கொண்டுவந்த கட்டு அன்று காலையே தீர்ந்துவிட்டது. வண்டி நின்ற இடத்தில் அவருக்குப் பிடித்த சுருட்டு கிடைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு குடு புள்ள."

"சாமிக்கு வெச்சதுங்க."

"சாமி கயாவுலதான இருக்குது? அது வரைக்கும் நான் தாங்கோணுமில்ல?"

"தாங்காட்டி நல்லதாப் போச்சுங்க. உங்கய்யன் காரியத்தோட உங்க காரியத்தையும் அங்கயே முடிச்சுரலாம். ரெண்டு தடவை எதுக்கு வரோணும்?"

எதிர்ப் பலகையில் இருந்த தெலுங்குக் குடும்பத்துக்கு இந்தப் பேச்சு புரிந்திருக்க முடியாது. ஆனாலும் மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மாமா என் தாயாரின் அண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கம் பெரிய விவசாயம். இறந்துபோன தகப்பனாருக்குப் பிண்டம் போடக் கயாவுக்குப் புறப்பட்டவர், பத்திரிகையில் வேலை பார்க்கும் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதற்காக என்னையும் கூட்டிக்கொண்டார். கயாவில் நாங்கள் பேச வேண்டியிருந்த எவருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அறிந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் அது.

அத்தை உடன் வந்ததற்குக் காரணம் வேறு. அவள் பிறந்த ஊர் ஆத்தூருக்குக் கிழக்கே. உடன்பிறந்தார் இல்லாததால் தகப்பனாரின் வயல் அவளுக்கே வந்தது. அந்த வயலின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு கல் உருவம் உண்டு. சம்மணம் போட்டு, உள்ளங்கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். மூக்கு நுனி உடைந்திருக்கும். ஊரார் அதை முனி என்றார்கள். மழை தவறினால் பொங்கல் வைப்பார்கள். மற்ற நாட்களில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து முன்னால் வைத்துவிட்டு வருவார்கள். அது தானாகப் புகைந்து முடியும்.

அந்த வயலில் மாமா ஒரு கிணறு வெட்ட நினைத்தார். நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயல் முழுக்க நடந்தார். முனியின் காலடியில் தேங்காய் எழுந்து நின்றது. வேறெங்கும் அது அசையக்கூட இல்லை.

"மீசை இல்ல, அருவா இல்ல, முழிச்ச கண்ணும் இல்ல. இது என்ன முனி?" என்றார் மாமா. கயா போய் வந்ததும் கடப்பாரை போட்டு நெம்பி, வாய்க்கால் ஓரத்துக்கு உருட்டிவிடுவது என்று முடிவு செய்தார். அத்தை நடக்கப் பழகியதே அந்த உருவத்தின் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான். அவள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. இரண்டு நாள் மாமாவுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். எங்கள் காரியாலயத்துக்கு வந்த ஒரு படத்தில் இதே போல ஒருவர் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னேன்.

"அவரு புத்தர் அத்தை. புத்தகயாவுல இருக்கிறாரு. கயா ஸ்டேஷன்ல இருந்து ஏழு மைல்தான்."

அத்தை சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு மாமாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளும் வருவதாகப் பேச்சு முடிந்தது. மாமா ஒரு நிபந்தனை போட்டார்.

"அங்க இருக்கறவரும் இங்க இருக்கறவரும் ஒண்ணுன்னா கெணத்தை அக்கட்டால தள்ளி வெட்டறேன். இல்லீன்னா உன்ற முனி அக்கட்டால போவாரு. மாப்ளதான் சாட்சி."

நான் பார்த்தது உள்ளங்கை அகலத்தில் மை அப்பிப்போன ஒரு படம். அதை இருவரிடமும் சொல்லாமல் விட்டேன்.

கயாவில் பிண்டம் போட்ட மறுநாள் காலை எக்கா வண்டி பிடித்தோம். ஒற்றைக் குதிரை, பிடித்துக்கொள்ள மூங்கில் கழிகள் நான்கு. ஏழு மைலும் ஆற்றங்கரையை ஒட்டிய புழுதிப் பாதை. கடுகு அறுவடை நடந்துகொண்டிருந்தது. மாமா வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மண்ணு பரவாயில்ல. ஆனா வரப்பைக் கோணலாப் போட்டிருக்கறான் பாரு மாப்ளே" என்றார். அந்த ஊரைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

கோயில் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. படி இறங்கிப் போக வேண்டும். உயரமான ஒற்றைக் கோபுரம்; அதன் பின்னால் அரசமரம். அத்தை மரத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே கருவறையில் பொன் பூசிய பெரிய உருவம், மேலே ஒரு காவித்துணி. அத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வாழைச்சருகைப் பிரித்து மூன்று சுருட்டையும் பீடத்தின் முன்னால் வரிசையாக வைத்து, ஒன்றைப் பற்றவைக்க நெருப்புப் பெட்டியை எடுத்தாள்.

அங்கிருந்த காவல்காரர் பாய்ந்து வந்தார். அவர் இந்தியில் கத்தினார். அத்தை தமிழில் பதில் சொன்னாள்.

"எங்கூர்ல இவருக்கு இதாங்க குடுக்கறது! கேட்டுப் பாருங்க!"

யாரைக் கேட்பது என்று அவள் சொல்லவில்லை. நான் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். அதனால் ஒரு பயனும் இல்லை. சுருட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

வெளியே மாமா வெற்றி பெற்றவர் போல நின்றார். அவர் கவனிக்க வேண்டியதைக் கவனித்திருந்தார்.

"மாப்ளே, நீயே சொல்லு. உங்க அத்தை சாமிக்கு ரெண்டு கையும் மடியில. இவருக்கு எடது கை மட்டுந்தான் மடியில, சோத்துக்கை முட்டியத் தாண்டிக் கீழ தொங்குது. ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றில்லை. என் கண்ணுக்கும் அது தெரிந்திருந்தது. படத்தைச் சரியாகப் பார்க்காமல் சொன்ன பிழை என்னுடையது. அத்தை கற்படியில் உட்கார்ந்தாள். சுருட்டு மூன்றும் மடியில் கிடந்தன.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்மாக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். பட்டு லுங்கி, கொண்டையில் பூ, வாயில் கட்டைவிரல் பருமனில் ஒரு சுருட்டு. அத்தையின் மடியிலிருந்து ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, "நல்லா! நல்லா!" என்றாள். ரங்கூன் கடைத்தெருவில் கற்ற தமிழாக இருக்கவேண்டும்.

அத்தைக்கு உயிர் வந்தது. உள்ளே கையைக் காட்டினாள். பிறகு தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினாள். "எங்கூர்ல இப்படி. இங்க ஏன் இப்படி?" என்று வலது கையைத் தொங்கவிட்டாள்.

பர்மாக்காரி சுருட்டைப் படியில் வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டாள். கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து, மெல்ல வலது கையை எடுத்து, விரல் நுனியால் பூமியைத் தொட்டாள். தன் நெஞ்சைத் தட்டி, ஒரு விரலை உயர்த்தி, ஒருவர்தான் என்று காட்டினாள். மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து செய்தாள்.

"பாத்தீங்களா? அவரேதாங்க" என்றாள் அத்தை. "நம்மூர்ல இன்னும் கண்ணு முழிக்கல. இங்க முழிச்சுட்டாரு."

மாமா மறுபடி உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் என்னிடம்தான் பேசினார்.

"மண்ணைத் தொட்டுப் பாக்கறாரு மாப்ளே. ஈரம் இருக்குதான்னு நாம பாக்கறதில்லையா, அதேமாதிரி." பிறகு, "வெவசாயந் தெரிஞ்ச ஆளு" என்றார்.

நிபந்தனை தன் பக்கம் முடிந்ததென்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. மூன்று சுருட்டையும் பர்மாக்காரியிடம் கொடுத்தாள். அவள் தன் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து அத்தைக்குக் கொடுத்தாள். சோளத் தட்டைபோல் நீளம். மாமா கையை நீட்டினார்.

"சாமிக்குங்க" என்றாள் அத்தை.

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சுத்தான். ஹௌராவில் கேட்டார், வால்டேரில் கேட்டார். சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது, "மோந்து மட்டும் பாக்கறேன்" என்றார். அதற்கு அனுமதி கிடைத்தது.

முனி இருந்த இடத்திலிருந்து இருபது அடி தள்ளிக் கிணறு வெட்டினார்கள். தேங்காய் அசையாத இடம். பாறை வந்தது. மாமா தினமும் ஒரு நேரம் பாறையையும் ஒரு நேரம் என்னையும் திட்டினாராம். வைகாசியில் தண்ணீர் கண்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் போனபோது முழங்கால் அளவு நின்றது. குடித்துப் பார்த்தேன். லேசான உவர்ப்பு.

"அவரு காலுக்கடியில தோண்டியிருந்தா சக்கரையா இருந்திருக்கும்" என்றார் மாமா.

அத்தை காதில் வாங்கவில்லை. பர்மாச் சுருட்டைப் பற்றவைத்து முனியின் முன்னால் வைத்தாள். மாமா வரப்பில் உட்கார்ந்து புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி புகைந்ததும் எழுந்து முனியிடம் போனார். வலது கையால் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, சுருட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"சாமி போதும்னுட்டாரு புள்ள" என்றார்.