நூற்றி இருபத்தைந்து மில்லி

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் என் மனைவியும் புறப்பட்டபோது, விமான நிலைய விதிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முப்பது வருடம் திண்டுக்கல்லில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். மில்லி லிட்டர் கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிடும். கைப்பையில் எந்தத் திரவமும் நூறு மில்லி பாட்டிலுக்கு மேல் கூடாது, உள்ளே பாதிதான் இருந்தாலும் பாட்டில் அளவுதான் கணக்கு என்று மனைவியை உட்கார வைத்து வகுப்பெடுத்தேன். அவள் கைப்பையில் வைத்திருந்த நல்லெண்ணெயையும் பூண்டு ஊறுகாயையும் எடுத்துப் பெரிய பெட்டிக்கு மாற்றினேன். ஊறுகாய் திரவமா என்று கேட்டாள். சாந்து மாதிரி இருப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. கோளாறு திரும்பும்போதுதான்.

என் சகலைக்கு, அதாவது மனைவியின் தங்கை கணவருக்கு, திண்டுக்கல் பக்கம் எரியோட்டில் முருங்கைத் தோட்டம். யாரிடமும் எதுவும் கேட்டு வாங்கும் பழக்கம் இல்லாதவர். அந்த ஒருமுறை மட்டும், தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொள்ள நல்லதாக ஒரு செண்ட் பாட்டில் வேண்டும் என்று கூச்சத்தோடு கேட்டிருந்தார். சிங்கப்பூர் விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் நூற்றி இருபத்தைந்து மில்லி பாட்டில் ஒன்றை வாங்கினேன். கடைப்பெண் அதைக் கண்ணாடி மாதிரியான பையில் ரசீதோடு போட்டு, வாயை ஒட்டிக் கொடுத்தாள். ஒட்டு பிரியாமல் இருந்தால்தான் இந்த அளவு பாட்டிலை விடுவார்கள், ஊர் போய்ச் சேரும்வரை பிரிக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். நான் இரண்டு தடவை தலையாட்டினேன்.

எங்கள் பயணம் கொழும்பில் இறங்கி, விமானம் மாறி, மதுரை வருவது. முதல் விமானம் மேலே போய்ச் செத்த நேரத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடையில் முகர்ந்த வாசனையும் இந்தப் பாட்டிலுக்குள் இருக்கும் வாசனையும் ஒன்றுதானா? ஏமாற்றியிருந்தால் சகலை முகத்தில் எப்படி முழிப்பது? பையை எடுத்து மடியில் வைத்தேன்.

"அதுல ஏதோ செவப்பா எழுதியிருக்குங்க" என்றாள் மனைவி.

அதெல்லாம் ஏறுகிற வரைக்கும்தான், ஏறிய பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்று சொல்லிப் பையைக் கிழித்தேன். வாசனை சரியாகத்தான் இருந்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டேன். அவளுக்கும் வேண்டுமா என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொழும்பில் விமானம் மாறும் இடத்தில் மறுபடியும் சோதனை. அது எனக்குத் தெரியாததல்ல; நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அங்கிருந்த அதிகாரி மகள் வயதுப் பெண், தமிழ் பேசினாள். கிழிந்த பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஐயா, இந்தப் பை திறந்திருக்கு. இதைக் கொண்டுபோக ஏலாது."

நான் கோபப்படவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன்; பாடம் நடத்தினேன். கழுத்தில் அடித்துக்கொண்டது போக உள்ளே இருப்பது குறைந்திருக்கும், இன்னும் கொஞ்சம் இங்கேயே அடித்துக்கொண்டால் நூறு மில்லிக்குள் வந்துவிடும், அப்போது விதிப்படி சரிதானே என்று விளக்கினேன். செய்தும் காட்டினேன். சட்டை, கைக்குட்டை, முழங்கை வரை அடித்தேன். அளவு ஒரு கோடுகூடக் கீழே இறங்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் தும்மினார்.

அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "உள்ளுக்கு எவ்வளவு இருக்கெண்டு நாங்கள் பார்க்கிறதில்லை ஐயா. போத்தல் எவ்வளவு பெரிசெண்டுதான் பார்க்கிறது."

இதே வாக்கியத்தைத்தான், ஏறக்குறைய இதே நிதானத்தோடு, வீட்டில் நான் மனைவிக்குச் சொல்லியிருந்தேன். பாட்டில் குப்பைத் தொட்டிக்குள் போனது. மனைவி யாரோ ஒருவர் மாதிரி பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

மதுரையில் சகலை கார் கொண்டுவந்திருந்தார். நான் ஏறியதும் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டார். செண்ட் எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். கொழும்பில் பிடுங்கிக்கொண்டார்கள், ரசீது இருந்தும் விடவில்லை, என்னத்தைச் சொல்ல என்றேன். பை கிழிந்த கதையை விட்டுவிட்டேன். பின்சீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்வை திண்டுக்கல் வரைக்கும் என் பிடரியில் உட்கார்ந்திருந்தது.

சகலை மனு எழுதுவதில் பேர்போனவர். தெருவிளக்கு எரியாவிட்டாலும் வாய்க்கால் அடைத்தாலும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்பார். அதை நான் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன். பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். கையில் டைப் அடித்த மூன்று பக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அயல்நாட்டில் இழைக்கப்பட்ட அநீதி என்று ஆரம்பித்தது. என் நேர்மையைப் பற்றி மட்டும் ஒரு பத்தி. தெரிந்த வக்கீலிடம் காட்டித் திருத்தி வாங்கியிருந்தார்.

"ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே. மத்தத நான் பாத்துக்கிறேன்."

மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள். நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன். பிறகு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். முழங்கையில் அடித்துக்கொண்டது உட்பட. சொல்லச் சொல்ல என் காது சூடாகிக்கொண்டே போனது.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எரியோட்ல டீக்கடை, சொசைட்டி, ஒரு எடம் விடாம சொல்லிட்டேனேண்ணே" என்றார். "இனி மாத்திச் சொன்னா என்னயத்தான் சிரிப்பாய்ங்க. நீங்க வாயத் தொறக்காம இருங்க, அம்புட்டுத்தான்."

மூன்று பக்கத்தையும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காபி இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டார்.

நிச்சயதார்த்தத்தன்று அவர் கடையில் வாங்கிய ஏதோ செண்ட் போட்டிருந்தார். எரியோட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, உங்களுக்கு இப்படி ஒரு அநியாயம் நடந்திருக்க வேண்டாம் சார் என்று ஆறுதல் சொன்னார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.