செபஸ்தியானுக்கு நான் போட்ட அரைப்பேர்

செபஸ்தியானின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா, வேண்டாமா என்று எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தபோது, பாஸ்கெட்போலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்போது கண்டியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஆளணிப் பிரிவு கிளார்க்காக இருந்தேன். கம்பெனிக்கு ஒரு பாஸ்கெட்போல் டீம் இருந்தது. விளையாடுவதற்கென்றே ஆள் எடுத்து, ஒப்பந்தம் போட்டு, பகலில் ஸ்டோர்ஸில் உட்காரவைப்பார்கள். டீமில் இடம் போனால் வேலையும் போய்விடும். செபஸ்தியானுக்கு முப்பத்தெட்டு வயது. முழங்காலில் எப்போதும் ஒரு பட்டி. குண்டசாலையில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள்.

மெனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். கூப்பிட்டுச் சொன்னார்: "பெரியசாமி, அந்தாளுக்கு வயசு போட்டுது எண்டு கொழும்பு ஹெட் ஒப்பிசில கதைக்கினம். மூண்டு மட்ச் போய்ப் பாத்து ஒரு ரிப்போர்ட் தாரும்."

"எனக்கு விளையாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே ஐயா."

"அதுதான் உம்மை அனுப்புறன். தெரிஞ்சவங்கள் எல்லாரும் அவன்ரை கூட்டாளியள்."

மூன்று மட்ச்

கண்டிக்கு வருமுன் கம்பளைப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். கொழுந்தை நிறுக்க வேண்டும். சொன்ன அளவு இருந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். அதே சட்டத்தோடு கொப்பியை விரித்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்தேன்.

ரொஷான் என்ற இளம்பிள்ளை முதல் மட்சில் இருபது புள்ளி எடுத்தான். முழுப்பேர். செபஸ்தியான் இரண்டு. அரைப்பேர். அடுத்த மட்சில் அதுவும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது எதற்கென்றால், கூடைக்குக் கீழே நின்று பந்தை வாங்கி இன்னொருவன் கையில் கொடுத்துவிடுவான். கொழுந்தைப் பறித்து அடுத்தவள் கூடையில் போடுகிறவளை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

மூன்றாவது மட்ச் முடிந்ததும் துவாயால் முகத்தைத் துடைத்தபடி அவனே என்னிடம் வந்தான்.

"என்னண்ணே, எழுதிட்டீங்களா? பாத்தத அப்படியே எழுதுங்க. எனக்காக எதையும் மழுப்பாதீங்க."

ரிப்போர்ட்டை எழுதுமுன் அவனுடைய இரண்டு பெண்பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் பார்த்ததைத்தானே எழுத வேண்டும்? எழுதினேன்.

ரிப்போர்ட்

மெனேஜர் அதை என் முன்னாலேயே உரக்க வாசித்தார்.

"ஒன்று: பந்தின் பின்னால் ஓடுவதில்லை. இரண்டு: எதிர்ப்பக்கத்து ஆட்களின் வழியில் தூண்மாதிரி நிற்கிறார், அவர்கள் இவர்மேல் மோதித் தடுமாறும்போது ரொஷான் சுலபமாகப் போய்ப் பந்தைப் போட்டுவிடுகிறார். மூன்று: ஓயாமல் கத்துகிறார், மற்றவர்கள் இவர் சொல்லும் இடத்துக்கு ஓடவேண்டியிருக்கிறது. நான்கு: இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினொரு நிமிடத்தில் நம்மவர்கள் ஒரு பந்துகூடப் போடவில்லை, அதைக் கண்டும் இவர் எழுந்து போகவில்லை. சிபாரிசு: புதுப்பிக்க வேண்டாம்."

மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உமக்கென்ன விசரோ காணும்? வழியில நிக்கிறதுதான் அவன்ரை வேலை! அதுக்குப் பேர் ஸ்கிரீன். அவன் மறிச்சு நிண்டாத்தான் ரொஷானுக்கு இருபது புள்ளி. இதைவிட நல்ல சேர்டிபிக்கட்டை ஆர் குடுப்பினம்? கடைசி வரியை வெட்டிப்போட்டு அப்பிடியே கொழும்புக்கு அனுப்பும். ரெண்டு வருசம் குடுக்கலாம்."

வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும், அப்பாடா என்றிருந்தது.

செபஸ்தியானைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, ரிப்போர்ட்டையும் கையில் கொடுத்தார் மெனேஜர். அவன் முழுவதையும் வாசித்தான். கோபிப்பான் என்று நினைத்தேன். குனிந்து முழங்கால் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒரு வருஷம் போதும் சேர். இந்தக் காலுல அவ்வளவுதான் மிச்சம் இருக்கு. அடுத்த வருஷம் அண்ணன் எழுதுன கடைசி வரிதான் சரியா வரும். அதுக்கப்புறம் ஸ்டோர்ஸ்லயே ஒரு நிரந்தர வேலை போட்டுக் குடுத்தீங்கன்னா, புள்ளைகள படிக்க வச்சிருவேன்."

மெனேஜரின் சிரிப்பு நின்றுவிட்டது. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஓம், அப்பிடியே செய்வம்" என்றார்.

மூன்று மட்ச் பார்த்த எனக்கும், மைதானத்துக்கே வராத கொழும்புக்காரர்களுக்கும் தெரியாத கணக்கு அவனிடம் சரியாக இருந்தது. ஆளணிப் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவனை நிறுக்குமுன் அவன் வேலை என்னவென்று கேளுங்கள். முடிந்தால் அவனிடமே கேளுங்கள்.

ஒரு வருஷம் விளையாடினான், கப்பும் வந்தது. பிறகு சொன்னபடியே ஸ்டோர்ஸில் நிரந்தரமானான். ஒருநாள் அவசரத்தில், சாமான் எடுப்பதற்கான துண்டுச்சீட்டு எழுதாமல் ஒரு பெட்டி காபன் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தேன். வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"துண்டு எங்கண்ணே?"

இடப்பக்கம் போனேன், அங்கே நின்றான். வலப்பக்கம் போனேன், அங்கேயும் நின்றான். திரும்பிப் போய்த் துண்டு எழுதிக்கொண்டு வந்தேன். அன்றைக்குத்தான் அவனுக்கு முழுப்பேர் போட்டேன்.