கண்ணை மூடச் சொன்ன வகுப்பு

வன்னியம்பட்டி பாண்டிசெல்வி பதினெட்டு வருடமாக ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறாள். ஓடும் மெஷின்களுக்கு நடுவே நடந்து நடந்து, அறுந்த இழைகளை ஒட்ட வேண்டும். அந்த இரைச்சலில் யார் பேச்சும் யார் காதிலும் விழாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.

போன வருடம் முதல் அவள் காதில் ஓயாத ரீங்காரம். சத்தத்தை விட்டு விலகியிருக்கும்படி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் சொன்னார். பேக்கிங் பிரிவுக்கு மாற்றும்படி மேனேஜரிடம் கேட்டாள்.

"காதுக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் அலைபாயுது" என்றார் அவர்.

மறுவாரமே பெண்களுக்குத் தியான வகுப்பு வைத்தார்கள், அதுவும் டீ இடைவேளையில். டீயைப் பிடுங்கிக்கொண்டு அமைதியைக் கொடுத்த புண்ணியவான்கள்!

வகுப்பெடுக்க வந்தவருக்கு மெல்லிய குரல். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். முடிவில், "மெதுவா கண்ணைத் திறங்க" என்றார். மற்றவர்கள் திறந்தார்கள்; பாண்டிசெல்வி அசையவில்லை. மறுபடி சொல்லியும் அப்படியே இருந்தாள்.

"பாத்தீங்களா, முதல் நாளே ஆழ்நிலைக்குப் போயிட்டாங்க!" என்று வகுப்புக்காரர் பூரித்தார். மேனேஜர் படம் எடுத்தார். பக்கத்திலிருந்த சண்முகத்தாய் தொடையில் தட்டியதும்தான் கண்ணைத் திறந்தாள்.

"ஏட்டி சாமியாரம்மா! மெஷினைப் போட்டுட்டாக, எந்திரி."

மறுநாள் அந்தப் படம் மில் வாசலில் பேனராகத் தொங்கியது. பாண்டிசெல்வி நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். வகுப்புக்காரரும் அங்கே இருந்தார்.

"அய்யா, நான் தியானத்துல இல்ல. நீங்க தொறக்கச் சொன்னதே எனக்குக் கேக்கல. ஒதட்டைப் பாத்தாத்தான் பேச்சு வெளங்கும். கண்ணை மூடுனா காதும் சேந்து மூடிக்கிடுது. உள்ள மெஷினுதான் ஓடுது."

வகுப்புக்காரர் கூசிப்போனார். "சார், எனக்கு இது தெரியாது. இவங்களை மாத்திக் குடுங்க."

மேனேஜர் சிரித்தார். "காதுதான் போயிருச்சே. பொறவு சத்தம் உன்னை என்ன செய்யும்? அங்கேயே இரு."

முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளாமல், அவளைப் பார்த்தே சொன்னார். ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது.

அடுத்த வகுப்பில் அவள் கண்ணை மூடவில்லை. சண்முகத்தாயும் மூடவில்லை. அன்று ஒருத்திகூட மூடவில்லை. மேனேஜர் வந்து அதட்டினார்.

"அவளைப் பேக்கிங்குக்கு மாத்துங்க சார், மூடுதோம். அதுவரைக்கும் உங்களைப் பாத்துக்கிட்டேதான் இருப்போம்" என்றாள் சண்முகத்தாய்.

வகுப்புக்காரர் அன்றோடு வருவதை நிறுத்திக்கொண்டார். அவருக்கு இருந்த வெட்கம் மேனேஜருக்கு இல்லை. இன்றுவரை மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடவில்லை.